உச்சியில் தகடு இல்லை

எங்கள் துறைமுகத்தில் ஓடும் பெரிய ஃபெர்ரிகளின் கொடிமர உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தகடு தொங்கும். சீட்டுக்கட்டில் வருகிற டைமண்ட் வடிவம். அது தொங்கினால் பாய்மரப் படகுகள் ஃபெர்ரிக்கு வழிவிட வேண்டும். தொங்காவிட்டால் கதை தலைகீழ். ஃபெர்ரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது இன்ஜின் வைத்த ஒரு படகுதான், அதுதான் பாய்மரத்துக்கு ஒதுங்கிப் போக வேண்டும். சிட்னியில் படகேறுகிற ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஃபெர்ரி என்று ஒன்று கண்ணில் பட்டதுமே நாங்கள் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஒதுங்குவோம். உச்சியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நோரீன் குவில்டி ஒருத்திதான் பார்ப்பாள்.

நோரீன் பஸ் ஓட்டுகிறவள். வாரம் முழுக்க பெரிய பஸ்ஸைக் குறுகலான தெருக்களில் வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஸ்னாப்பர் குடா கிளப்பின் 'ஸ்டார்லிங்' படகில் சுக்கான் பிடிப்பாள். நான் பெரிய பாயின் கயிற்றைப் பிடிப்பேன். என் பெயர் கிளெனிஸ், மீன் மார்க்கெட்டில் வேலை, அதனால் என்னிடம் யாரும் நெருங்கி உட்கார மாட்டார்கள். முன்பாயைக் கவனிப்பவள் டெஸ், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருப்பவள், எங்கள் மூவரில் இளையவள், பயந்தவளும்கூட. பெண்கள் மட்டுமே ஓட்டிய படகு எங்கள் கிளப்பில் அது ஒன்றுதான். ஆண்கள் அதை 'சமையலறை' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

ஸ்டார்லிங் எங்களுடையது அல்ல, கிளப்புடையது. பருவம் தொடங்கும்போது கிளப் யாரிடம் கொடுக்கிறதோ அவர்கள் ஓட்டலாம். முதல் மூன்று இடங்களுக்குள் பருவத்தை முடித்தால் அடுத்த வருஷமும் படகு அவர்களிடமே இருக்கும். முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறு ஆள் யார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கிளப் தலைவர் க்ளைவ் ஹேனஃபோர்டின் அண்ணன் மகன் டெரில்தான். அவன் ஏற்கெனவே ஒரு படகு வைத்திருந்தான். ஆனால் அதைவிட எங்கள் படகு வேகமானது, அதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

கடைசிப் பந்தயத்தன்று நாங்கள் மூன்றாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம். அன்று ஒரு படகு எங்களைத் தாண்டினாலும் ஸ்டார்லிங் போய்விடும். காலையில் படகுத்துறையில் க்ளைவ் வந்து, "என்ன நோரீன், இன்னிக்கு சமையல் என்ன?" என்று கேட்டார்.

"உங்க மூக்கை வறுக்கலாம்னு இருக்கேன்," என்றாள் நோரீன். "ஆனா சட்டி பத்தாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். க்ளைவும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பந்தய நாட்களில் கிளப் 'கர்லூ' என்கிற பழைய ஃபெர்ரியை வாடகைக்குப் பிடிக்கும். பார்க்க வருகிறவர்கள், பந்தயம் கட்டுகிறவர்கள், கமிட்டிக்காரர்கள் எல்லோரும் அதில் ஏறிக்கொள்வார்கள். ஒரு கையில் பீர், மறு கையில் கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை', அதன்மேல் தக்காளி சாஸ். படகுகள் போகிற இடமெல்லாம் கர்லூவும் பின்னாலேயே வந்து கத்தும். அதை ஓட்டுகிறவர் விக் ஸாமிட். மால்டாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். வாய் திறந்து பேசியே நான் கேட்டதில்லை. அவருக்காக ஃபெர்ரியின் ஊதல்தான் பேசும். ஒரு சின்ன ஊதல் என்றால் 'நான் வலப்பக்கம் திரும்பி ஒதுங்கிக்கொள்கிறேன்'. மூன்று என்றால் 'இன்ஜினைப் பின்னுக்குப் போட்டுவிட்டேன்'. ஐந்து என்றால் 'உனக்குக் கண் அவிந்துவிட்டதா?' எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்களுக்கு ஃபெர்ரிகளிடமிருந்து கிடைப்பதெல்லாம் அந்த ஐந்துதான். ஒற்றை ஊதலை நான் ஃபெர்ரியும் ஃபெர்ரியும் சந்திக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன்.

அன்று வடகிழக்குக் காற்று நன்றாக வீசியது. டெரில் முன்னால், அவனுக்குப் பின்னால் இன்னொரு படகு, அடுத்தது நாங்கள், எங்கள் முதுகிலேயே இன்னும் இரண்டு. தீவைச் சுற்றியாகிவிட்டது. முடிவுக்கோட்டுக்கு நேராக ஒரே ஓட்டம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து கர்லூ இடப்பக்கத்திலிருந்து குறுக்கே கிளம்பியது. டெரில் ஜெயிப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கும் கோட்டுக்கும் நடுவே அந்தப் பச்சை நிற மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஃபெர்ரி! ஃபெர்ரி!" என்று டெஸ் கத்தினாள்.

என் கை தானாகக் கயிற்றை விடப் போனது. விட்டால் பாய் தொய்ந்துவிடும், படகு நின்றுவிடும், பின்னால் வருகிற இரண்டும் தாண்டிவிடும். எல்லாம் தெரிந்துதான் கை போனது. இத்தனை வருஷப் பழக்கம் வேறு எங்கே போகும்?

"கயித்தை விட்டே, கையை உடைப்பேன்," என்றாள் நோரீன். "மேல பாருடி. டைமண்ட் இருக்கா?"

பார்த்தேன். கொடிமரம் மொட்டையாக இருந்தது. வழக்கமான தடத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும்போது மட்டும்தான் அந்தத் தகடு. வாடகைக்குப் போகிற நாளில் இறக்கிவிட வேண்டும். இறக்கியிருந்தார்கள். ஆனால் ஓட்டுகிறவருக்கு அது ஞாபகமிருப்பதாகத் தெரியவில்லை.

"இல்ல," என்றேன்.

"அப்போ வழி நம்மளுது. நேரா போறோம்."

ஐந்து ஊதல் கேட்டது. காது கிழிந்தது. மேல்தளத்தில் கமிட்டிக்காரர்கள் வேலியோரம் நின்று கைகளை ஆட்டி எங்களை விரட்டினார்கள், கோழியை விரட்டுகிற மாதிரி. க்ளைவின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "ஒதுங்கு! பைத்தியக்காரி! ஒதுங்கு!"

"நோரீன், வேண்டாம்டி," என்று டெஸ் அழுதாள்.

"அந்த மஞ்ச மிதவை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அவன் நிக்கலைன்னா நானே திருப்பிடறேன். அதுக்கு எனக்கு இடமிருக்கு. இப்போ வாயை மூடிட்டுப் பாயை இழு."

அவள் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து சிக்னலுக்குக் காத்திருக்கும்போது இருக்கிற அதே முகம். அதைப் பார்த்தபின் கயிற்றை இன்னும் ஒரு பிடி இழுத்துக் கட்டினேன்.

மஞ்சள் மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று ஊதல் கேட்டது. கர்லூ உடம்பெல்லாம் குலுங்கியது. பின்பக்கம் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. மேல்தளத்தில் நின்ற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். பீர் மழையாகக் கொட்டியது. நாங்கள் அந்தப் பச்சை மூக்குக்கு முன்னால் கடந்து போனோம். நிமிர்ந்து பார்த்தபோது க்ளைவ் ஹேனஃபோர்ட் தன் வெள்ளை பேண்ட்மேல் 'மீட் பை' கவிழ்ந்து கிடக்க உட்கார்ந்திருந்தார். தக்காளி சாஸ் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வழிந்திருந்தது.

நாங்கள் மூன்றாவதாக வந்தோம். ஸ்டார்லிங் எங்களுக்குத்தான் என்று டெஸ்ஸும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். நோரீன் மட்டும் திரும்பி கர்லூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சாஸ் கறை போகாது," என்றாள். "நம்மளைச் சும்மா விடமாட்டாங்க."

விடவில்லை. மறுநாள் ஞாயிறு மத்தியானம் பரிசு கொடுக்கிற கூட்டம். கிளப்பின் மதுக்கூடத்தில் நிற்க இடமில்லை. அங்கே கல்லாவுக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். எங்கள் கிளப்பில் தண்ணீரில் தப்பு செய்தவர்கள் அந்த மணியை அடித்து, "தப்பு என்னுது" என்று சொல்லி, இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. என் வாழ்க்கையில் நானே பல தடவை அடித்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான், மணி அடிக்கச் சொல்கிறவன் யோக்கியனாக இருக்கும்வரை.

க்ளைவ் புது பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் இரண்டு பரிசுகளைக் கொடுத்தார். மூன்றாவதற்கு வந்ததும் நிறுத்தினார்.

"நோரீன், நேத்து அந்தக் கப்பல்ல எத்தனை உசுரு இருந்துச்சு? குழந்தைங்க இருந்துச்சு. உன் பிடிவாதத்துக்கு எல்லாரும் தண்ணியில விழுந்திருப்பாங்க. கமிட்டி பேசி முடிவு பண்ணிருக்கு. மணியை ஒரு தட்டு தட்டு. தப்பு என்னுதுன்னு சொல்லு. கோப்பையும் உனக்கு, படகும் உனக்கு. பீர் காசுகூட நான் குடுத்துடறேன்."

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். க்ளைவ் எவ்வளவு பெருந்தன்மை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் நோரீனின் முழங்கையைப் பிடித்து அவள் காதில் சொன்னது இதுதான்: "ஒரு தட்டுதானேடி. தட்டித் தொலை. படகு நமக்கு வேணும்."

"தட்டலைன்னா?" என்று நோரீன் க்ளைவைக் கேட்டாள்.

"தட்டலைன்னா படகு டெரிலுக்கு."

டெரில் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது என்று நினைக்கிறேன்.

"நான் தப்பு பண்ணினா ஓடிவந்து தட்டுவேன், க்ளைவ்," என்றாள் நோரீன். "போன வருஷம் தட்டலியா? உங்க படகுல முட்டிட்டேன், தட்டினேன். நேத்து நான் தப்பு பண்ணலை. கப்பல் உச்சியில டைமண்ட் இல்ல."

"டைமண்ட், டைமண்ட்! சட்டம் பேசாதம்மா. அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பெரிசு வந்தா சின்னது ஒதுங்கணும். அதான் புத்தி."

"நான் பஸ் ஓட்டறேன். பெரிசுன்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லித் தரவேண்டாம். என் பஸ்ஸைப் பார்த்து காரெல்லாம் பயந்து ஒதுங்குது. ஆனா சிவப்பு விளக்குல நான்தான் நிக்கணும். பஸ் பெரிசுங்கறதுக்காக எனக்கு விளக்கு பச்சை ஆயிடறதில்ல."

யாரோ பின்னாலிருந்து "ஹா!" என்றார்கள். க்ளைவின் காது சிவந்தது. அப்போது மணி அடித்தது.

எல்லோரும் திரும்பினோம். விக் ஸாமிட். ஃபெர்ரி சீருடையிலேயே வந்திருந்தார். எப்போது உள்ளே வந்தார், எப்படிக் கல்லாவுக்குப் பின்னால் போனார் என்று தெரியாது. மணியின் கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"தப்பு என்னுது," என்றார். "தகடை நானே என் கையால காலையில இறக்கி வெச்சேன். வெச்சுட்டு மறந்துட்டேன். இத்தனை வருஷம் அது தலைக்கு மேல தொங்கிட்டிருந்துச்சு, இருக்குதுன்னு நெனச்சே ஓட்டிட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்ல. நான்தான் ஒதுங்கியிருக்கணும். ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். எல்லாருக்கும் ஒரு பீர், என் கணக்குல."

அவர் அவ்வளவு பேசியதே அதிசயம். எனக்குக் கண் கலங்கியது. இதோ முடிந்தது, ஸ்டார்லிங் எங்களுக்குத்தான் என்று டெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

க்ளைவ் தொண்டையைச் செருமினார்.

"விக், உங்க நல்ல மனசுக்கு நன்றி. ஆனா நீங்க கிளப் மெம்பர் இல்ல. இந்த மணியை மெம்பர்தான் அடிக்கலாம். நீங்க அடிச்சது செல்லாது." பிறகு நோரீனிடம் திரும்பினார். "இன்னும் மணி அங்கதான் இருக்கு."

இப்படியும் ஒரு மனுஷனா! கையில் இருந்த கிளாஸை அவர்மேல் எறிந்திருப்பேன், டெஸ்தான் பிடுங்கிக்கொண்டாள். நேற்று விக்கின் கப்பலில் சிரித்துக் குடித்த கமிட்டிக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நோரீன் மணியைப் பார்த்தாள். விக்கைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் படகின்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அதன் அடிப்பலகையை அவளே தேய்த்து மெருகேற்றினாள். பஸ் ஷெட்டில் மதிய சாப்பாட்டு நேரத்தில்கூட அதன் கயிறுகளைப் பின்னிக்கொண்டிருப்பாள்.

"படகை வெச்சுக்கோங்க," என்றாள்.

வெளியே போனாள். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். படகு இறக்கும் சரிவில் கிடந்த ஸ்டார்லிங்கின் பின்பக்கம் குனிந்து சுக்கான் பிடியைக் கழற்றினாள். அது அவள் செதுக்கியது, அவள் கைக்கு அளவாக. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே வந்து, கூட்டத்தின் நடுவே நடந்து, முன்வாசல் வழியாக வெளியேறினாள். பக்கத்து வழியாகவே போயிருக்கலாம். ஆனால் அவள் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று போனாள். நானும் டெஸ்ஸும் பின்னால் போனோம். விக் கொடுத்த பீரைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தது எனக்கு இன்றைக்கும் ஒரு குறைதான்.

குளிர்காலத்தில் டெஸ்ஸின் சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய குட்டிப் படகு கிடைத்தது. அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளை வேறு இடத்துக்குக் குடியேற்றிவிட்டு, படகைக் கழுவி, ஓட்டை அடைத்து, யாரோ தூக்கிப்போட்ட பாயை வெட்டித் தைத்தோம். எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை. "உன் மீன் வாசனையோட கோழி வாசனையும் சேர்ந்தா ஒரு சாப்பாடே ஆச்சு," என்றாள் நோரீன். அதற்குக் 'கோழிக்கூடு' என்றே பெயர் எழுதினோம். தன் சுக்கான் பிடியை நோரீன் அதற்கு ஏற்றபடி அறுத்துப் பொருத்தினாள். அறுக்கும்போது மட்டும் எங்களை வெளியே போகச் சொன்னாள்.

புதுப் பருவத்தின் முதல் சனிக்கிழமை. கிளப் பந்தயத்தில் எங்களுக்கு இடமில்லை. ஆனால் கிளப் படகைத்தான் பிடுங்க முடியும், துறைமுகத்தைப் பிடுங்க முடியாதே. கோழிக்கூட்டை இறக்கினோம். மூன்று பெரிய பொம்பளைகள் அந்தக் குட்டிப் படகில் ஏறியதும் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது. ஆமை வேகம். தூரத்தில் பந்தயப் படகுகள் பறந்தன. ஸ்டார்லிங்கும் போனது, டெரிலின் கையில், பாய் சரியாக இழுக்கப்படாமல். நோரீன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பந்தயக் கூட்டத்துக்குப் பின்னால் கர்லூ வந்தது. இடப்பக்கத்திலிருந்து, நேராக எங்களை நோக்கி. மேல்தளம் நிறையப் பேர். நடுவில் வெள்ளை பேண்ட்டில் க்ளைவ்.

"ஐயோ, மறுபடியுமா," என்றாள் டெஸ். "இப்ப படகுகூட இல்லடி நம்மகிட்ட, கோழிக்கூடுதான். ஒதுங்கிடலாம்."

"மேல பாரு," என்றாள் நோரீன்.

பார்த்தோம். உச்சியில் தகடு இல்லை.

"நேரா போறோம்."

கர்லூ வந்துகொண்டே இருந்தது. மேல்தளத்தில் க்ளைவ் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார். கையால் விக் நிற்கிற சக்கர அறையைக் காட்டி ஏதோ கத்தினார். விரட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. ஐந்து ஊதலுக்காக நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். பயம் பாதி, கோபம் பாதி. இந்த முறை முட்டினால் நாங்கள்தான் சிதறுவோம்.

ஒரு சின்ன ஊதல் கேட்டது. ஒன்றே ஒன்று.

பச்சை மூக்கு மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. இன்ஜின் சத்தம் தணிந்தது, எங்களை அலை கவிழ்த்துவிடக் கூடாதென்று. அத்தனை பெரிய கப்பல், அத்தனை பேரோடு, கமிட்டியோடு, எங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனது.

"ஏன்யா திருப்பறே?" என்று க்ளைவ் மேலே பார்த்துக் கத்தியது எங்களுக்கே கேட்டது. "நம்ம படகெல்லாம் அந்தப் பக்கம் போவுது!"

ஒலிபெருக்கி கரகரத்தது. கப்பல் முழுவதும் கேட்கிற மாதிரி, தண்ணீர் முழுவதும் கேட்கிற மாதிரி, விக் ஸாமிட்டின் குரல் வந்தது.

"நமக்கு முன்னால ஒரு பாய்மரப் படகு போயிட்டிருக்கு. வழி அவங்களுது. கொஞ்சம் பொறுங்க."

கீழ்த்தளத்தில் நின்றவர்கள் வேலியோரம் வந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் கைதட்டினாள். பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். க்ளைவ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கடந்து முடிக்கிறவரை அவர் நிற்கத்தான் வேண்டியிருந்தது. கோழிக்கூடு அவ்வளவு மெதுவாகத்தான் போகும்.

டெஸ் விசும்பினாள். எனக்கும் மூக்கு ஒழுகியது. நோரீன் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. அவள் அந்தக் கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கயித்தை இழு, கிளெனிஸ்," என்றாள். "பாய் தொய்யுது."